மழைக்குக் கணக்கு எழுதும் ஊர்

மாதம் பிறந்து சம்பளம் கைக்கு வந்ததும் உங்கள் வீட்டில் முதலில் என்ன நடக்கிறது? வாடகைக்கு இவ்வளவு, பால்காரருக்கு இவ்வளவு, மளிகைக்கு இவ்வளவு, குழந்தைகளின் பள்ளிக்கூடச் சம்பளத்துக்கு இவ்வளவு என்று வீட்டு அம்மாள் பிரித்து வைக்கிறார். அவசரத்துக்கு என்று கொஞ்சம் அஞ்சறைப் பெட்டிக்குள் போகிறது. இத்தனைக்கும் பிறகு மிச்சம் இருந்தால்தான் புடவைக் கடைப் பேச்சே எழும். முதல் தேதியன்றே பட்டுப் புடவை எடுத்துவிட்டு, இருபதாம் தேதி அரிசிக்குக் கடன் கேட்டு நிற்கும் குடும்பத்தைப் பற்றி அக்கம் பக்கத்தார் என்ன பேசுவார்கள் என்பது நமக்குத் தெரியாததல்ல.

குடும்பத்துக்கு இவ்வளவு சாமர்த்தியமாகக் கணக்குப் பார்க்கும் நாம், ஊருக்கு அப்படிப் பார்க்கிறோமா? உங்கள் ஊரில் போன வருஷம் எத்தனை மழை பெய்தது? அதில் எத்தனை பூமிக்குள் இறங்கியது? கிணற்றில் நீர் எத்தனை அடியில் நிற்கிறது? இரண்டு வேளை வயிறாரச் சாப்பிட முடியாத வீடுகள் எத்தனை? இந்த நான்கு கேள்விக்கும் உடனே பதில் சொல்லக்கூடிய ஊர் நம் தேசத்தில் எத்தனை இருக்கும்?

ஓர் ஊர் இருக்கிறது. மகாராஷ்டிரத்தில், அகமத்நகர் ஜில்லாவில் (அந்த ஜில்லாவுக்கு இப்போது அகில்யாநகர் என்று பெயர்) ஹிவரே பஜார் என்று ஒரு சிறிய கிராமம். ஜனத்தொகை 1,200-க்குச் சற்று மேல். பரப்பு 976 ஹெக்டேர். அந்த ஊர் மழையை வரவு வைக்கிறது. பயிரைப் பற்று எழுதுகிறது. மிச்சத்தை அடுத்த வருஷத்துக்கு என்று பூமிக்குள் போட்டு வைக்கிறது. அந்தக் கணக்கின் கதையைத்தான் இப்போது சொல்லப் போகிறேன்.

மலை மறைத்த மழை

சஹ்யாத்ரி மலைத்தொடரின் மேற்குச் சரிவில் மேகம் கொட்டித் தீர்த்துவிடுகிறது. மலையைத் தாண்டிக் கிழக்கே வரும்போது அதனிடம் அதிகம் மிச்சம் இருப்பதில்லை. அப்படிப்பட்ட மழை மறைவுப் பிரதேசத்தில் இருக்கிறது ஹிவரே பஜார். வருஷத்துக்குச் சுமார் 400 மில்லிமீட்டர் மழை. சில வருஷங்களில் அதுவும் இல்லை. வானம் பார்த்த பூமி என்று நாம் சொல்வோமே, அதே ஜாதி.

ஒரு காலத்தில் இந்த ஊர் மல்யுத்தத்துக்குப் பெயர் போனது. பாலுக்கும் நெய்க்கும் பஞ்சமில்லாத ஊரில்தானே பயில்வான்கள் முளைப்பார்கள்! பிறகு சுற்றியிருந்த குன்றுகளில் மரங்கள் விறகாகிப் போயின. புல்லை ஆடுமாடுகள் வேரோடு மேய்ந்தன. மொட்டைக் குன்றில் விழுந்த மழை, நிற்க இடமில்லாமல் மேல்மண்ணையும் வாரிக்கொண்டு ஓடியது. 1972-ல் மகாராஷ்டிரத்தை உலுக்கிய பெரும் வறட்சி வந்தபோது ஊரின் முதுகெலும்பே முறிந்தது. கிணறுகள் வற்றின. ஜனங்கள் பம்பாய்க்கும் புனேக்கும் கூலி வேலை தேடிப் புறப்பட்டார்கள். மிஞ்சியவர்களில் பலருக்கு ஆறுதல் தந்தது சாராயம். இந்தச் சின்னஞ்சிறு ஊரில் 22 சாராயக் கடைகள் இருந்தன என்றால் நிலைமையை நீங்களே ஊகித்துக்கொள்ளுங்கள்.

1989-ல் ஊர் இளைஞர்கள் சிலர் சேர்ந்து, எம்.காம். படித்த ஒருவரைப் பஞ்சாயத்துத் தலைவராக நிற்கச் சொன்னார்கள். அவர் பெயர் போபட்ராவ் பவார். கிரிக்கெட் ஆட்டத்தில் பெரிய பெயர் எடுக்க வேண்டும் என்று கனவு கண்டுகொண்டிருந்த வாலிபர். போட்டியின்றித் தேர்ந்தெடுக்கப்பட்டார். 2020-ல் இவருக்குப் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது என்பதைப் பத்திரிகைகளில் படித்திருப்பீர்கள். ஆனால் நம் கதைக்கு விருதைவிட, அவர் காலத்தில் அந்த ஊர் எண்ணிப் பார்க்கக் கற்றுக்கொண்ட விஷயங்கள்தான் முக்கியம்.

முதல் கணக்கு: மனிதர்கள்

அண்டை ஊரான ராலேகண் சித்தி, அண்ணா ஹசாரேயின் முயற்சியால் அப்போதே பெயர் பெற்றிருந்தது. அங்கே கடைப்பிடித்த விதிகளை ஹிவரே பஜாரும் எடுத்துக்கொண்டது. மரம் வெட்டக் கூடாது. ஆடுமாடுகளை இஷ்டத்துக்கு மேய விடக் கூடாது. சாராயம் கூடாது. குடும்பக் கட்டுப்பாடு வேண்டும். ஊர் வேலைக்கு வீட்டுக்கு ஒருவர் கூலியில்லாமல் உழைக்க வேண்டும்.

1995-ல் ஊரில் ஏழைக் குடும்பங்கள் எத்தனை என்று எண்ணினார்கள். ஏறத்தாழ 180 குடும்பங்களில் 168 குடும்பங்கள் வறுமைக் கோட்டுக்குக் கீழே இருந்தன! ஏழை யார், ஏழையல்லாதவர் யார் என்று பிரிப்பதைவிட, ஏழையல்லாத பன்னிரண்டு வீட்டைக் காட்டிவிடுவது சுலபம் என்ற நிலைமை.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். வறுமைக் கோடு என்பது அரசாங்கம் எங்கோ உட்கார்ந்து போடும் கோடு. கோட்டைக் கொஞ்சம் தாழ்த்திப் போட்டால், ஒரு கவளம் சோறு கூடப் போடாமலே லட்சம் ஏழைகளை ஒரே நாளில் மறையச் செய்துவிடலாம். ஹிவரே பஜார் செய்தது இதற்கு நேர் எதிர். அரசாங்கக் கோட்டைவிட உயரமான கோடு ஒன்றைத் தானாகப் போட்டுக்கொண்டு, அதற்குக் கீழே இருப்பவர் எல்லாரும் ஏழைகளே என்று எழுதிக்கொண்டது. தன் குறையைத் தானே பெரிதாக்கிக் காட்டிக்கொள்ளும் துணிச்சல் எத்தனை ஊருக்கு வரும்?

1998-ல் அந்த 168 என்பது 53 ஆயிற்று. பிறகு 3 ஆயிற்று. மூன்று என்று தெரிந்தால் அந்த மூன்று வீடும் எவை என்று தெரிந்துவிடும். எண்ணிக்கை சிறியதாகும்போது அதற்கு முகமும் பெயரும் வந்துவிடுகின்றன. புள்ளிவிவரத்தில் ஒரு சதவிகிதம் என்பது யாருமில்லை. ஊரில் மூன்று வீடு என்பது நாளைக் காலையில் கதவைத் தட்டிப் பார்க்க வேண்டிய மூன்று வாசற்படி.

இரண்டாம் கணக்கு: மழை

ஏழைகளின் தொகை இப்படிக் குறைந்ததற்குக் காரணம் நீர். அரசாங்கத்தின் வேலை உறுதித் திட்டப் பணத்தையும் ஊராரின் உழைப்பையும் சேர்த்து, குன்றுகளின் சரிவில் குறுக்காகப் பள்ளம் வெட்டினார்கள். ஏறத்தாழ 40,000 பள்ளங்கள். ஓடைகளில் மண் கரைகளும் கல் தடுப்புகளும் கட்டினார்கள். கசிவுநீர்க் குட்டைகள் தோண்டினார்கள். மரம் நட்டார்கள். இதற்கெல்லாம் அரசாங்கம் செலவிட்டது சுமார் 42 லட்சம் ரூபாய். ஓடிய மழை நடந்தது. நடந்த மழை நின்றது. நின்ற மழை மண்ணுக்குள் இறங்கியது.

இத்துடன் கதை முடிந்திருந்தால் இதை எழுத வேண்டிய அவசியமே இல்லை. தடுப்பணை கட்டிய ஊர்கள் தேசத்தில் ஆயிரக்கணக்கில் உண்டு. நீர் வந்ததும் என்ன நடக்கும்? ஆளுக்கு ஒரு ஆழ்துளைக் கிணறு போடுவார்கள். கரும்பு நடுவார்கள். வசதி உள்ளவர் 300 அடி போட்டால் பக்கத்து வயல்காரர் 500 அடி போடுவார். பத்து வருஷத்தில் பழைய குருடி கதவைத் திறடி!

ஹிவரே பஜார் இந்த இடத்தில்தான் வேறு வழியில் திரும்பியது. விவசாயத்துக்கு ஆழ்துளைக் கிணறு கூடாது என்று தீர்மானித்தது. கரும்பும் வாழையும் கூடாது என்றது. இந்த நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளிலிருந்து, நிலத்தடி நீர்த் துறையாரின் உதவியோடு வருஷா வருஷம் தண்ணீருக்கு வரவு-செலவுத் திட்டம் போட ஆரம்பித்தது.

அந்தக் கணக்கைக் கொஞ்சம் நாமும் போட்டுப் பார்ப்போமா? பென்சிலை எடுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு சதுர மீட்டர் தரையில் 1 மில்லிமீட்டர் மழை பெய்தால் அது 1 லிட்டர் தண்ணீர். ஊரின் பரப்பு 976 ஹெக்டேர், அதாவது 97 லட்சத்து 60 ஆயிரம் சதுர மீட்டர். ஆக, ஒவ்வொரு மில்லிமீட்டர் மழைக்கும் ஊருக்கு வரவு ஏறக்குறைய 1 கோடி லிட்டர். வருஷத்துக்கு 400 மில்லிமீட்டர் என்றால் சுமார் 390 கோடி லிட்டர்! இவ்வளவு பெரிய பணக்கார ஊரா வறட்சியில் வாடியது என்று ஆச்சரியமாக இல்லை?

செலவைப் பாருங்கள். ஆளுக்குத் தினம் 55 லிட்டர் என்று வைத்துக்கொண்டால், 1,250 பேருக்கு வருஷம் முழுவதும் வேண்டிய தண்ணீர் சுமார் 2½ கோடி லிட்டர். இரண்டரை மில்லிமீட்டர் மழை போதும்! அப்படியானால் மீதி எங்கே போகிறது? பெரும் பகுதி வெயிலில் ஆவியாகிறது. ஒரு பகுதி ஊரைத் தாண்டி ஓடிவிடுகிறது. பூமிக்குள் இறங்குவது கொஞ்சம். அந்தக் கொஞ்சத்தை உறிஞ்சுவது பயிர். கரும்பு ஒன்று விளைந்து முடிய, மிகக் குறைந்த கணக்கில் 1,500 மில்லிமீட்டர் தண்ணீர் வேண்டும். ஒரு ஹெக்டேருக்கு 1½ கோடி லிட்டர். இரண்டு ஹெக்டேர் கரும்பு குடிக்கிற தண்ணீர், ஊர் முழுவதும் ஒரு வருஷம் குடித்துக் குளித்துத் துணி துவைக்கிற தண்ணீரைவிட அதிகம்!

ஒரே ஒருவர் தம் சொந்த நிலத்தில், சொந்தக் கிணற்று நீரில், ஐந்து ஏக்கர் கரும்பு போட்டால் அதில் அடுத்தவருக்கு என்ன நஷ்டம் என்று கேட்பவருக்கு இந்தக் கூட்டல் கழித்தலே பதில். கிணறு அவருடையது. அதற்கு அடியில் இருக்கும் நீர் ஊருடையது.

மழைக்காலம் முடிந்ததும் மழைமானியின் அளவையும் கிணறுகளின் நீர்மட்டத்தையும் குறித்துக்கொள்கிறார்கள். இவ்வளவு வரவு என்று தெரிந்ததும் கிராம சபை கூடுகிறது. முதல் ஒதுக்கீடு மனிதருக்கும் மாடுகளுக்கும் குடிநீர். மிச்சத்தில் நூற்றுக்கு 70 பங்கு விவசாயத்துக்கு. 30 பங்கு தொடாமல் பூமிக்குள்ளேயே அடுத்த வருஷத்துக்கு. வீட்டு அம்மாளின் அஞ்சறைப் பெட்டிப் பணம்தான் இந்த முப்பது! மழை நன்றாகப் பெய்த வருஷம் கோதுமையும் வெங்காயமும் போடலாம். குறைந்த வருஷம் அதிக நீர் கேட்கும் பயிரைச் சுருக்கிக்கொண்டு, கொஞ்ச நீரில் விளைவதைப் போட வேண்டியதுதான்.

கணக்குப் பார்த்ததன் பலன்

இதனால் என்ன லாபம் என்று கேட்பீர்கள். முன்பு ஊரில் இருந்தவை 90 கிணறுகள். நீர் 80 அடிக்குக் கீழே, சில கிணறுகளில் 125 அடியில். பிறகு திறந்த கிணறுகளே 294 ஆயின. நீர் 15 அடியிலிருந்து 40 அடிக்குள் வந்து நின்றது. 1999-ல் 120 ஹெக்டேராக இருந்த பாசன நிலம் 2006-ல் 260 ஹெக்டேர் ஆயிற்று. குன்றுகளை மேய்ச்சலிலிருந்து காத்ததால் புல் வளர்ந்தது: 2000-ல் 100 டன், 2004-ல் 6,000 டன். புல் வந்தால் மாடு வரும். மாடு வந்தால் பால் வரும். தினம் 150 லிட்டர் பால் கறந்த ஊர் சுமார் 4,000 லிட்டர் கறக்க ஆரம்பித்தது. பட்டணத்துக்குப் போன குடும்பங்கள் பல, மூட்டை முடிச்சோடு திரும்பி வந்தன.

இந்தக் கடைசி விஷயத்தை நான் எல்லாவற்றுக்கும் மேலாக வைப்பேன். ஓர் ஊர் சுகமாக இருக்கிறதா என்பதற்கு எத்தனையோ அளவுகோல்கள் சொல்கிறார்கள். ஊரைவிட்டு வெளியே போகும் பஸ்ஸில் கூட்டமா, ஊருக்குள் வரும் பஸ்ஸில் கூட்டமா என்று பார்ப்பதைவிடச் சிறந்த அளவுகோல் எனக்குத் தெரியவில்லை.

தேசத்தின் வருமானத்தைக் கணக்கிடுகிறார்கள் அல்லவா? அதில் ஒரு வேடிக்கை உண்டு. ஊர்க் கிணறு வற்றி, லாரியில் தண்ணீர் கொண்டுவந்து விற்றால், அந்த விற்பனை தேசிய வருமானத்தில் கூடுகிறது. கிணறு வற்றியதோ எந்தப் பத்தியிலும் கழிவதில்லை. நகையை விற்று வந்த பணத்தைச் சம்பளம் என்று எழுதிக்கொள்ளும் கணக்கு இது. ஹிவரே பஜாரின் கணக்கில் அந்த ஏமாற்று வித்தைக்கு இடமில்லை. நீர்மட்டம் இறங்கினால் இறங்கியது என்றுதான் எழுத வேண்டும்.

மறுபக்கம்

எல்லாம் தேனும் பாலும்தானா என்று சந்தேகப்படும் வாசகர்களும் உண்டு. சந்தேகம் நியாயமானதே. ஆடுகளை இஷ்டத்துக்கு மேய விடக் கூடாது என்றால், நிலமே இல்லாமல் நாலு ஆட்டை நம்பிப் பிழைப்பவர் என்ன செய்வார்? நீர் பெருகினால் முதல் லாபம் நிலமுள்ளவருக்குத்தானே? இப்படிப்பட்ட கட்டுப்பாடுகளைப் போடுகிற ஊரெல்லாம் தன்னைத்தானே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்விகள் இவை. மழைக் கணக்கோடு மனிதர் கணக்கையும் சேர்த்தே எழுத வேண்டும் என்பதற்கு இதுவே காரணம். ஏட்டின் ஒரு பக்கம் கிணற்று நீர் ஏறி, மறுபக்கம் ஏழை வீடுகள் குறையாமல் நின்றால், தண்ணீர் யார் வீட்டுக்குப் போயிற்று என்று சபையில் எழுந்து கேட்க முடியும்.

இன்னொன்று, தலைவரைப் பற்றியது. முப்பது வருஷ காலம் ஹிவரே பஜாரில் பஞ்சாயத்துத் தேர்தலில் போட்டியே இருந்ததில்லை. 2021 ஜனவரியில்தான் போட்டி வந்தது. ஏழு இடங்களிலும் பவாரின் அணியே ஜெயித்தது. ஒரு நல்ல தலைவர் இருந்தால் இது நடக்கும். இல்லாத ஊருக்கு என்ன வழி?

இதற்கு ஓர் அழகான பதில் ஆந்திரத்தில் கிடைத்தது. 2003-லிருந்து அங்கே ஏழு ஜில்லாக்களில், ஐக்கிய நாடுகளின் உணவு விவசாய ஸ்தாபனத்தின் உதவியோடு ஒரு திட்டம் நடந்தது. பள்ளிக்கூடமே பார்த்திராத விவசாயிகள், பெண்கள் உட்பட, தாங்களே மழையை அளந்தார்கள். தாங்களே கிணற்று நீர்மட்டத்தைக் குறித்தார்கள். அளந்ததை எல்லாரும் பார்க்கும்படி வைத்தார்கள். யாருக்கும் எந்தத் தடையும் விதிக்கவில்லை. இந்தப் பருவத்துக்கு இவ்வளவு நீர்தான் கையிருப்பு என்று தெரிந்தபோது, பலர் தாமாகவே அதிக நீர் குடிக்கும் பயிரைக் குறைத்துக்கொண்டார்கள். பற்று வரவு கண்ணுக்குத் தெரியாதவரைதான் மனிதன் ஊதாரி.

மத்திய அரசாங்கமும் 2019 டிசம்பரில் அடல் பூஜல் திட்டம் என்று ஒன்றைத் தொடங்கி, ஏழு மாநிலங்களில் எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட பஞ்சாயத்துகளை இப்படி நீர்க் கணக்குப் போடச் சொன்னது. அந்த ஏழில் தமிழ்நாடு இல்லை. அதனால் என்ன? கணக்குப் போட யாருடைய உத்தரவு வேண்டும்?

நீங்களும் தொடங்கலாம்

அடிப்பாகமும் மேற்பாகமும் ஒரே அகலமுள்ள டப்பா ஒன்றை, மரமும் சுவரும் மறைக்காத வெட்ட வெளியில் வையுங்கள். ஒவ்வொரு நாள் காலையிலும் குழந்தையின் அடிக்கோலை விட்டு, விழுந்த மழை எத்தனை மில்லிமீட்டர் என்று பார்த்துக் குறித்துக்கொண்டு, டப்பாவைக் காலி செய்துவிடுங்கள். தெருவில் ஒரு கிணறு மிஞ்சியிருந்தால், கயிற்றில் கல்லைக் கட்டி இறக்கி, மேல் விளிம்பிலிருந்து நீர் வரை எத்தனை அடி என்று சித்திரையில் ஒரு தடவையும் மழை ஓய்ந்த பிறகு மார்கழியில் ஒரு தடவையும் எழுதுங்கள். மூன்றாவது பத்தியில், இந்த வருஷம் தெருவைவிட்டுப் பிழைப்புத் தேடிப் போன குடும்பம் எத்தனை, பள்ளிக்கூடத்தை நிறுத்திய குழந்தை எத்தனை, மருந்து வாங்க முடியாமல் படுத்த கிழவர் எத்தனை என்று குறியுங்கள். இந்த மூன்றாவது பத்திதான் கஷ்டமானது. டப்பாவைப் பார்க்க வாசலுக்கு வந்தால் போதும். இதற்கு அடுத்த வீட்டுப் படியேற வேண்டும்.

இரண்டு வருஷம் எழுதுங்கள். பிறகு கிராம சபை கூடும்போது அந்த நோட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு போங்கள். வாயால் பேசுகிறவரை யார் வேண்டுமானாலும் உட்கார வைத்துவிடலாம். கையில் கணக்கோடு நிற்பவரை உட்கார வைப்பது அவ்வளவு சுலபமல்ல.